பெருங்காய்ச்சலும் நம் தொழிற்கூடங்களும்

(ஜமாஅத் வருடாந்திரப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

தோல் தொழிலாலும் கடை வாணிபத்தாலும் வாழ்கின்ற ஊர் நம்முடையது. இங்கு அமர்ந்திருப்போரில் ஒரு சாரார் நான்கு பேருக்கேனும் சம்பளம் கொடுப்பவர்கள். மற்றொரு சாரார் சம்பளம் வாங்குபவர்கள். இரு சாராரும் ஒரே பாயில் அமர்ந்து கேட்கும் இடம் இது என்பதால்தான் இந்த விஷயத்தை இங்கே பேச ஒப்புக்கொண்டேன்.

உலகெங்கும் பரவும் ஃப்ளூ காய்ச்சல் மீண்டும் ஒருமுறை வருமானால் நம் பட்டறைகளும் கடைகளும் அதற்கு ஆயத்தமாக உள்ளனவா என்பதே நான் பேச வந்த விஷயம். 'கொரோனாவையே பார்த்துவிட்டோம், இனி என்ன?' என்று பலர் கேட்கிறார்கள். அவர்கள் தங்கள் மேசை இழுப்பறையைச் சற்றுத் திறந்து பார்க்கட்டும். 2020இல் வாங்கிய வெப்பமானி பாட்டரி தீர்ந்து கிடக்கும். வாசலில் வைத்த சானிடைசர் தாங்கியில் இப்போது குடை தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் பட்டறையில் அப்படித்தான் தொங்குகிறது.

ஃப்ளூ புதிய விருந்தாளி அன்று. 1918இல் பம்பாய்த் துறைமுகம் வழியே நுழைந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் எழுந்த இரண்டாம் அலையில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை அது கொண்டுபோயிற்று. அவர்களில் 20 முதல் 40 வயதுக்குட்பட்டோர், அதாவது உழைத்துக் குடும்பம் காக்கும் வயதினர், மிகுதி. 1957 மே மாதம் அது சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. நம் பாட்டனார்கள் பிழைப்புத் தேடிப் போய்வந்த அதே கடல்வழிதான். பிறகு 1968இலும் 2009இலும் வந்தது. நூறாண்டுக்குள் நான்கு முறை. ஐந்தாவது எப்போது என்று சொல்ல எவராலும் இயலாது. ஆனால் பறவைக் காய்ச்சல் கிருமி 2024இல் அமெரிக்காவின் பால் மாடுகளிடையேயும் பரவியதைக் கண்ட பின் மருத்துவ உலகம் நிம்மதியாக உறங்கவில்லை.

2009ஆம் ஆண்டைப் பற்றி மட்டும் என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். இதுவரை மேடையில் சொன்னதில்லை.

அப்போது என் பட்டறையில் ஷூ அப்பர் தைக்கும் வேலையில் 34 பேர் இருந்தனர். ஷிப்மெண்ட் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தோலின் ஓரம் சீவும் மெஷினில் இருந்த பையன் ஒருவன் காய்ச்சலோடு வந்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேஸ்திரி என்னிடம் சொன்னார். 'இன்று ஒரு நாள் ஓட்டட்டும்' என்றேன் நான். அவனும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பான்? மாதம் முழுவதும் விடுப்பின்றி வந்தால்தான் வருகைப் படி என்று விதி செய்து வைத்திருந்தேன். ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் கூலியும் போகும், மாதப் படியும் போகும். மூன்றாம் நாள் அவனுக்கு அடுத்திருந்த மேசைகளில் நால்வர் இருமினர். பத்து நாட்களுக்குள் பதினொரு பேர் படுத்துவிட்டனர். அவர்களில் ஒரு பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளை அந்தக் காய்ச்சல் மற்றவரைவிடக் கடுமையாகத் தாக்கும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். பன்னிரண்டு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தார். அல்லாஹ்வின் அருளால் தாயும் பிள்ளையும் பிழைத்தனர். ஆனால் அந்த மாதச் சம்பளப் பட்டியலில் அவருடைய வருகைப் படி வெட்டப்பட்டிருந்தது. பட்டியலில் கையெழுத்திட்டவன் நான். அவர் மீண்டும் வேலைக்கு வரவில்லை. ஷிப்மெண்டும் தேதிக்குப் போகவில்லை. விமானத்தில் அனுப்பிய செலவு என் தலையில் விழுந்தது.

ஆகவே, முன்னேற்பாடு என்றதும் சோப்பு, முகக்கவசம், இடைவெளி என்று தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவை வேண்டியவைதாம். ஆனால் காய்ச்சல் கண்டவர் கூலி இழக்காமல் வீட்டில் இருக்க வழி செய்யாத முதலாளி, மற்ற எதைச் செய்தாலும் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துகிறவரே ஆவார். ஃப்ளூ தொற்றிய ஒருவர், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரப்பத் தொடங்குகிறார். தெரிந்த பின் ஐந்து, ஏழு நாட்கள் வரை பரப்பக்கூடும். முதல் மூன்று நான்கு நாட்கள்தாம் மிகக் கடுமை. வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி பிடிப்பதால் மட்டும் அதைத் தடுக்க முடியாது. காய்ச்சல் மாத்திரை விழுங்கிவிட்டு வருபவரையும் அது காட்டிக்கொடுக்காது.

ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். 1948ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது நோய்க்காலப் பணம் முதல் இரண்டு நாட்களுக்குக் கிடையாது என்றே விதி வைத்தது. நோய் பிறருக்குத் தாவும் நாட்களும் அவையே! கடைக்காரர்கள் கவனத்துக்கு ஒன்று: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே, நோயுற்ற ஊழியருக்கு ஆண்டில் 12 நாட்கள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்றது. நம் கடைவீதியில் எத்தனை கடைகளில் அது நடைமுறையில் உள்ளது என்று நான் இங்கே கேட்கப் போவதில்லை.

கணக்கைப் பாருங்கள். பதினொரு பேர், ஐந்து நாட்கள், நாட்கூலி ஐந்நூறு ரூபாய் என்றால் 27,500 ரூபாய். முதல் பையனை மட்டும் கூலியோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் 2,500 ரூபாய். இப்போது எங்கள் பட்டறையில் வருகைப் படிக் கணக்கில் காய்ச்சல் நாட்களைச் சேர்ப்பதில்லை. முதல் மூன்று நாட்களுக்கு மருத்துவர் சான்றும் கேட்பதில்லை. சான்றுக்காகக் காய்ச்சலோடு கிளினிக் கூட்டத்தில் போய் உட்காரச் சொல்வது என்ன நியாயம்? 'ஏமாற்றுவார்களே' என்று என் தம்பி சொன்னார். சிலர் ஏமாற்றினர். அந்த நஷ்டம் விமானச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இரண்டாவது, ஆள் குறைவுக்கான ஏற்பாடு. பெருந்தொற்றின் உச்ச வாரங்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை வராமல் போகலாம் என்று 2006-07இல் அமெரிக்க அரசு தன் தொழில் நிறுவனங்களுக்கு எச்சரித்தது. தாமே நோயுற்றோர், நோயாளியைப் பார்த்துக்கொள்வோர், பள்ளி மூடியதால் பிள்ளைகளோடு இருப்போர் எல்லாரும் அதில் அடக்கம். உங்கள் பட்டறையில் பத்துக்கு நால்வர் இல்லாத ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். கல்லாச் சாவி யாரிடம்? ஜெனரேட்டரை ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் யார்? நீங்களே படுத்துவிட்டால் காசோலையில் கையெழுத்திடுவது யார்? ஒரே ஒரு தாளில் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர்களை எழுதுங்கள். இரண்டாவது பெயர் எழுத முடியாத இடத்தில், இன்றே ஒருவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்குங்கள். காய்ச்சல் வந்த பின் கற்றுக்கொடுக்க நேரமிராது.

மற்றவற்றை விரைந்து சொல்கிறேன். காற்றுப் போகும்படி ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தூசிக்கு அஞ்சி ஆணியடித்தவற்றையும் சேர்த்துத்தான். கிராமங்களிலிருந்து பெண்களை அழைத்துவரும் வேனில் தோளோடு தோள் நெருக்கி முக்கால் மணி நேரம் ஏற்றிவந்துவிட்டுப் பட்டறைக்குள் ஆறடி தள்ளி உட்கார வைப்பதில் பொருளில்லை. அத்தகைய காலத்தில் வேனை இரு நடையாக ஓட்டுங்கள். சாப்பாட்டு வேளையைப் பிரியுங்கள். தண்ணீர்ப் பானையருகே சங்கிலி போட்ட ஒற்றை டம்ளரை எடுத்துவிடுங்கள். தடுப்பூசியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். புதிய கிருமிக்கு ஊசி தயாராக ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஆகும். முதல் அலை அதற்குள் வந்துவிடும்.

இரண்டே ஆட்களை வைத்து டீக்கடை நடத்தும் சகோதரர் என்னிடம், 'உங்களால் முடியும், என்னால் எப்படி முடியும்?' என்று கேட்டார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடனாக, நோயுற்ற ஊழியரின் ஒரு வாரக் கூலியை இத்தகைய சிறு கடைகளுக்குத் தர முடியுமா என்று நிர்வாகக் குழு ஆலோசிக்க வேண்டுகிறேன்.

இறுதியாக, சங்கடமான ஒன்று. நம் ஜமாஅத்தும் ஒரு முதலாளிதான். பேஷ் இமாம், முஅத்தின், மதரஸா உஸ்தாதுகள், துப்புரவுப் பணியாளர் ஆகியோர் நம்மிடம் சம்பளம் வாங்குகிறார்கள். முஅத்தினுக்குக் காய்ச்சல் என்றால் பதிலாள் யார் என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதனால்தான் அவர் காய்ச்சலோடும் பாங்கு சொல்கிறார். 2020இல் பள்ளி மூடியிருந்தபோது உண்டியல் வரவு நின்றது. சம்பளத்துக்கு வழி என்ன என்ற கேள்வி பல ஊர்களிலும் எழுந்தது. அந்தக் கேள்விக்கு நாம் இன்றுவரை தீர்மானமாக எதையும் எழுதி வைக்கவில்லை. இந்தக் கூட்டத்திலேயே, பணியாளர் காய்ச்சல் விடுப்புக்கு ஒரு தீர்மானமும், மூன்று மாதச் சம்பளத்துக்குத் தனிக் கணக்கும் முன்மொழிகிறேன். வழிமொழிவோர் கை உயர்த்தலாம்.

நான் சொன்ன இரண்டு பெயர்த் தாளை அச்சிட்டு வாசலில் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். வஸ்ஸலாம்.