மஞ்சள் கடுதாசிக்கு முன்னே

2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். சம்பளம் நின்றாலும் பைக் தவணையும் நகைக்கடன் வட்டியும் நிற்பதில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி, மனம் சோர்ந்து, 1920-ஆம் வருஷத்து மாகாணத் திவால் சட்டப்படி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாம் என்று எண்ணுகிறவர்கள், கோர்ட்டுப் படி ஏறுமுன் கடன் ஆலோசனை என்றொரு மார்க்கம் இருப்பதை அவசியம் அறிய வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2009-இல் வகுத்த ஆலோசனைத் திட்டத்தின் வழிவந்த நிதிக் கல்வி மையங்களை, மாவட்ட முன்னோடி வங்கிகள் நடத்துகின்றன. கட்டணம் கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், கட்டணம் கிடையாது. ஆகவே, முன்பணம் கேட்டுக் கடனைத் தீர்த்துத் தருவதாகச் சொல்பவரிடம் ஏமாறாதீர்கள்.

சம்பளச் சீட்டு, கடன் பத்திரங்கள், பால் பாக்கி வரை எழுதிய வீட்டுக் கணக்கு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மையத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கந்து வட்டியை மறைக்க வேண்டாம். முதலில் அடைக்க வேண்டியது பெரும்பாலும் அதுதான். தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி வங்கியிடம் கேட்கவும் வழி சொல்வார்கள்.

தொண்ணூறு நாளுக்கு மேல் தவணை நிலுவையானால் அது வாராக்கடன். முதல் தவணை தவறுமுன்பே போங்கள்.