ஒரு கையெழுத்துக்கு ஒரு பயணப் பெட்டி

சம்பளம் போட்ட வார இறுதியில் பேரங்காடிக்குப் போகிறவர்களை முதலில் வரவேற்பது கடைக்காரர் அல்லர். நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசை, பின்னால் ஒரு வங்கியின் பதாகை, மேசையைச் சுற்றிச் சக்கரம் வைத்த பயணப் பெட்டிகள், கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு இளைஞர்கள். "அண்ணே, ஐ.சி. இருக்கா? ரெண்டு நிமிஷம்தான். கார்டு வேணாம்னா அப்புறம் கேன்சல் பண்ணிக்கலாம், பெட்டி உங்களுக்குத்தான்" என்பார் ஒருவர். பெட்ரோல் நிலையத்திலும் இதே மேசை, இதே பேச்சு. பெட்டியின் சக்கரம் இரண்டாவது பயணத்திலேயே கழன்றுவிடும் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட பாரம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் கழலாது.

அந்த இளைஞரைக் குறை சொல்லிப் பயனில்லை. பல சமயங்களில் அவர் வங்கியின் ஊழியரே அல்லர். விற்பனையை ஏற்று நடத்தும் வெளி நிறுவனத்தின் முகவர். அங்கீகரிக்கப்படும் ஒவ்வோர் அட்டைக்கும் அவருக்குத் தரகு உண்டு. மாத முடிவில் இத்தனை பாரங்கள் என்ற இலக்கும் உண்டு. வாங்கியவர் அந்தக் கடனைக் கட்ட முடிந்தவரா, இரண்டு ஆண்டுகள் கழித்து என்ன ஆனார் என்பதைப் பற்றி அவருக்கு வருமானமும் இல்லை, நட்டமும் இல்லை. கடன் கொடுப்பவர் ஒருவர், கடனை விற்பவர் வேறொருவர் என்று ஆகிவிட்டதுதான் இந்த வியாபாரத்தின் அடிப்படைக் கோளாறு.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நேயர்களுக்கு 555 புத்தகம் நினைவிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சிறிய நோட்டில் மளிகைக்கடைக்காரர் அரிசி, மீன் டின், மண்ணெண்ணெய் என்று எழுதிக்கொண்டே போவார். அதுவும் கடன்தான். அதிலும் ஏமாற்று இருந்தது. கூட்டல் தெரியாதவர்களின் கணக்கில் கை வைத்த கடைக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், எந்த மாதம் மழையால் பால்வெட்டு குறைந்தது என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். அளவு மீறினால், "பழைய பாக்கியைக் குடும்மா, பிறகு பார்ப்போம்" என்று அவரே பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். கொடுத்த பணம் வராவிட்டால் முதலில் பாதிக்கப்படுகிறவர் அவர்தான். இன்றைய மேசையில் பென்சிலைக் கீழே வைக்க ஆள் இல்லை.

விதிகளே இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. 2011 மார்ச் மாதம் பேங்க் நெகாரா கடன் பற்று அட்டை விதிகளைக் கடுமையாக்கியது. அதுவரை ஆண்டுக்கு 18,000 வெள்ளியாக இருந்த குறைந்தபட்ச வருமானத் தகுதி 24,000 வெள்ளியாக உயர்ந்தது. ஆண்டு வருமானம் 36,000 வெள்ளி அல்லது அதற்குக் கீழே உள்ளவர்கள் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் தரும் கடன் வரம்பு அவர்களின் மாத வருமானத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது.

நல்ல விதிதான். ஆனால் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் மாதம் 2,300 வெள்ளி சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விதியை எள்ளளவும் மீறாமல் அவருக்கு இரண்டு வங்கிகள் தலா 4,600 வெள்ளி வரம்பு தரலாம். ஆக 9,200 வெள்ளி, அதாவது நான்கு மாதச் சம்பளம். அது முழுவதும் செலவாகிவிட்டால் மாதம் 5 விழுக்காடு குறைந்தபட்சத் தொகையாக அவர் கட்ட வேண்டியது 460 வெள்ளி, அதாவது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஊழியர் சேமநிதி, வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாம் மீதியில்தான். சட்டப்படி நடந்த விற்பனையிலேயே நிலைமை இது.

சட்டப்படி நடக்காததும் உண்டு. சம்பளச் சிட்டையில் உள்ளதை விட்டுவிட்டு, மிகைநேர வேலை அதிகமாக வந்த ஒரு மாதத்தை வைத்து வருமானத்தை எழுதுவது, வேறு கடன்கள் உண்டா என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடச் சொல்வது, "இங்கே மட்டும் சைன் பண்ணுங்க, மீதியை நான் நிரப்பிக்கிறேன்" என்பது இவையெல்லாம் மேசை வியாபாரத்தின் பழைய வித்தைகள். பாரத்தில் பொய் இருந்தால், பின்னாளில் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான். முகவர் அதற்குள் வேறு வங்கியின் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பார்.

முகவர் சொல்லாமல் விடுவதுதான் இன்னும் பெரிய சங்கதி. "மாசம் 5 விழுக்காடு கட்டினா போதும்" என்பதை அவர் ஒரு சலுகையைப் போலச் சொல்வார். 5,000 வெள்ளி பாக்கி உள்ள ஒருவர், இனி ஒரு காசுகூட அட்டையில் செலவு செய்யாமல், ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இவற்றில் எது அதிகமோ அது. முதல் மாதம் வட்டி மட்டும் 75 வெள்ளி. ஓராண்டு தவறாமல் கட்டிய பிறகும் 3,200 வெள்ளிக்கு மேல் பாக்கி நிற்கும். கடன் தீர ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வட்டியாகப் போவது ஏறக்குறைய 1,900 வெள்ளி. வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி அதற்குள் பழுதாகிப் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

குறைந்தது 20 நாள் வட்டியில்லாக் காலம் என்பது முந்தைய பாக்கியை முழுமையாகக் கட்டியவருக்கு மட்டுமே. பாக்கி வைத்திருப்பவர் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டி ஓடத் தொடங்கிவிடும். அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் ரொக்கம் எடுத்தாலோ வட்டி அன்றைக்கே தொடங்கும், அதற்கு மேல் கட்டணம் தனி. ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவரிடம் வங்கிக்கு வட்டி வருமானம் கிடையாது. பாக்கி வைக்கிறவரிடம்தான் உண்டு. அப்படியிருக்க விளம்பரங்கள் யாரை அழைக்கின்றன என்று யோசிக்கத் தனி அறிவு வேண்டியதில்லை.

அட்டை கைக்கு வந்த சில மாதங்களில் தொலைபேசி ஒலிக்கும். "உங்களுக்கு 10,000 வெள்ளி ரொக்கம் தயாராக இருக்கிறது, ஆண்டுக்கு வெறும் 6 விழுக்காடு" என்று இனிமையாக ஒரு குரல் சொல்லும். 6 விழுக்காடு என்பது தட்டை வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 10,000 வெள்ளிக்கும் போடப்படுகிறது. மூன்று ஆண்டுத் தவணையில் 1,800 வெள்ளி வட்டி. உண்மையான வட்டி விகிதம் 11 விழுக்காட்டைத் தொடும். குரல் சொன்னது பொய் அல்ல, உண்மையும் அல்ல.

"கையெழுத்துப் போடச் சொல்லி யார் கட்டாயப்படுத்தியது?" என்று வங்கித் தரப்பில் கேட்பது வழக்கம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பெட்டிக்காகக் கையெழுத்துப் போட்டவர், விருந்துக்கும் கைப்பேசிக்கும் அட்டையை நீட்டியவர், வந்த அறிக்கையைப் பிரிக்காமலே மேசைக்கடியில் போட்டவர் தம் பங்கை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு பக்கம் வட்டிக் கணக்கையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். மறுபக்கம் முதல் சம்பளம் வாங்கிய இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

2010 ஜனவரியில் அரசாங்கம் ஒவ்வொரு முதன்மை அட்டைக்கும் ஆண்டுக்கு 50 வெள்ளி சேவை வரி விதித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. பணப்பையைத் திறந்து எண்ணிப் பார்த்த பலர், கேட்காமலும் யோசிக்காமலும் சேர்ந்துபோன அட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டித் திருப்பி அனுப்பினார்கள். தேவையே இல்லாதவர்களிடம் எத்தனை அட்டைகள் தள்ளிவிடப்பட்டிருந்தன என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 2018 செப்டம்பர் முதல் அந்த வரி அட்டைக்கு 25 வெள்ளி. இலவச அட்டை என்று மேசையில் சொல்லும்போது இதைச் சொல்கிறவர் குறைவு.

கட்ட முடியாமல் போனால் விளைவு அட்டையோடு நிற்பதில்லை. பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் கடந்த 12 மாதத் தவணை வரலாறு தெரியும். மணமுடித்து, ஒரு சிறிய வீட்டுக்குக் கடன் கேட்டுப் போகும் நாளில் அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். ஓர் அட்டையின் பாக்கியைக் கட்ட இன்னோர் அட்டை, அதுவும் நிறைந்தபின் வட்டி முதலை என்று போன குடும்பங்களில், வாசலில் சிவப்புச் சாயம் வீசப்பட்டபோதுதான் பெற்றோருக்கே விவரம் தெரியவந்திருக்கிறது. திவால் நடவடிக்கைக்கான கடன் வரம்பு 2017-இல் 50,000 வெள்ளியாகவும் 2021-இல் 100,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது உண்மைதான். அதற்குக் கீழே உள்ள கடனுக்கும் வங்கி வழக்குத் தொடரலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்போது அட்டையே இல்லாமல் கைப்பேசியில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற புது மேசை முளைத்திருக்கிறது. அதற்குச் சம்பளச் சிட்டைகூட வேண்டாம். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம் இத்தகைய கடன்களையும் கட்டுக்குள் கொண்டுவருவதற்கானது.

மேசை முன் நிற்கும் நேரத்தில் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. பாரம் முழுவதும் நிரப்பப்பட்டதா, அதன் நகல் கையில் கிடைக்குமா, பெட்டிக்காக எத்தனை முறை அட்டையைப் பயன்படுத்த வேண்டும், எழுத்தில் தர முடியுமா? பதில் வராவிட்டால் நடையைக் கட்டலாம். விற்பனை அழைப்புகள் தொல்லையானால், விளம்பரத்துக்காகத் தம் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும் உரிமையை 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள், 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை நிறுவனத்தை நாடலாம். வங்கிகளோடு பேசி, சிதறிக் கிடக்கும் பாக்கிகளைக் கட்டக்கூடிய ஒரே மாதத் தவணையாக அமைத்துத் தர அவர்கள் உதவுகிறார்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. போகும்போது சம்பளச் சிட்டை, அடையாள அட்டை, பிரிக்காமல் வைத்த வங்கி அறிக்கைகள் அத்தனையும் எடுத்துப் போக வேண்டும். முடிந்தால் மனைவியையும் அழைத்துப் போவது நல்லது. மாதச் செலவு உண்மையில் எவ்வளவு என்று ஆலோசகர் கேட்கும்போது, சரியான பதில் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.