மேனிலைப் பொருளியல் தமிழில் வேண்டும்
(குற்றாலத்தில் நிகழ்த்திய உரை)



அருவி ஆர்க்கும் குற்றாலத்தில் பொருளியல் முனைவர் பட்டத்தைப் பற்றி என்ன பேச்சு என்பீர். தென்காசி வட்டாரத்தில் முதுகலை முடித்த நம் பிள்ளைகள் அடுத்து ஏற வேண்டிய படி அது. அதனாற் பேசுகிறேன்.

ஆய்வுக்குப் பதிந்தவர் ஓர் அரையாண்டேனும் பாடம் கற்றாக வேண்டும் என 2009-இல் பல்கலைக்கழக நல்கைக் குழு நெறி வகுத்தது. 2022-ஆம் ஆண்டு நெறியோ, குறைந்தது 12 தகுதிப் புள்ளிகளுக்குக் கற்று, 55 விழுக்காடு பெற்றாலன்றி ஆய்வேடு அளித்தல் இயலாது என்கிறது.

இதனை நாம் வெறுக்கவில்லை. அளவை அறியாதார் ஆய்வு, தூக்குநூல் பிடியாமல் எழுப்பிய சுவர். புளியங்குடியில் எலுமிச்சை விலை வீழ்ந்தால், கரணியம் விளைச்சல் மிகுதியா, வணிகர் சூழ்ச்சியா? பீடி சுற்றும் பெண்ணின் கூலி உயர்ந்தால், அவள் மகளின் படிப்பு நீளுமா? வெறும் சினம் இதற்கு விடை தாராது. புள்ளியியலும் பொருளியல் அளவையியலுமே தரும்.

ஆயின், அப்பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடப்பது ஏன்? தமிழில் கற்று வந்த பெண்ணுக்குக் கணக்கு அரிதன்று. கணக்கின்மேற் போர்த்திய மொழியே அரிது.

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராய் வந்த கில்பர்ட் சிலேட்டர், மாணவரைக் கொண்டு ஊர்களை ஆயச் செய்தார். நம் நெல்லைச் சீமையின் கங்கைகொண்டானும் அவற்றுள் ஒன்று. அவ்வாய்வு 1918-இல் ஆங்கில நூலாய் வந்தது. உழவன் தமிழிற் சொன்னான். ஏடு ஆங்கிலத்தில் ஏறிற்று. தன் ஊரைப் பற்றிய நூலைத் தானே படிக்க இயலாதவனாய் அவன் நின்றான். நூறாண்டு கடந்தும் நாம் அவ்விடத்திலேயே நிற்பதா?

நெல்லையில் 1990-இல் தோன்றிய பல்கலைக்கழகம் மனோன்மணியம் சுந்தரனார் பெயரைத் தாங்குகிறது. பெயர் தமிழாய் இருந்தாற் போதுமா? நுண்ணியல், பேரியல், அளவையியல் மூன்றுக்கும் மேனிலைத் தமிழ் நூல் வேண்டும். தமிழில் விடை எழுதும் உரிமை வேண்டும். ஊராய்வு ஒன்று பாடமாக வேண்டும். கணக்கைக் குறைக்க வேண்டா. ஒரு புள்ளியும் தளர்த்த வேண்டா. ஆங்கில நூலைப் படிக்கவும் வேண்டும். அது துணையாகட்டும், தடைச்சுவராக வேண்டா.

நூலை எழுதுவார் யார்? அரசு எழுதாது, ஆணைதான் இடும். இங்கமர்ந்துள்ள பொருளியல் ஆசிரியர்களே, ஆளுக்கோர் இயல் எழுதுங்கள். பத்துப் பேர் கூடினால் ஒரு நூல். கேட்பதற்கு முன் செய்வோம். செய்தபின் உரத்துக் கேட்போம்.

வெல்க தமிழ்!