கைரேகையிலிருந்து முகரேகைக்கு



பொது இடங்களில் முக அடையாளக் கேமரா கூடாது என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வருகிறது: “தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?” குற்றப் பதிவேடுகளின் வரலாற்றை ஆய்வு செய்யும் எனக்கு இது மிகப் பழைய கேள்வி.

1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் போன்ற சமூகங்களில் பிறப்பதே குற்றமானது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்கள் செய்த தப்பு என்ன?

2021 அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறை முக அடையாள மென்பொருளைக் கொண்டுவந்தது. தெருவில் நிற்பவரைக் காவலர் செல்போனில் படம் எடுத்தால், காவல் நிலையப் பதிவுகளில் உள்ள படங்களோடு அது ஒப்பிட்டுச் சொல்லும். குற்றவாளி யாரென்று அந்தக் கருவிக்குத் தெரியாது. ஸ்டேஷன் கொடுத்த பட்டியல் மட்டுமே தெரியும். அந்தப் பட்டியலை எழுதியது யார்? திருட்டு நடந்தால் முதலில் இருளர், குறவர் குடியிருப்புகளுக்கு ஜீப்பை விடுகிற போலீஸ். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு, திருட்டு விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்டவர்தான். இரட்டைக் குவளை வைத்தவர்கள், சேரிக்குத் தீ வைத்தவர்கள் எத்தனை பேரின் முகம் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கும்?

கருவி தவறும் செய்யும். 80 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி காவல்துறை தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் தந்திருக்கிறது. ஆனால் நாளைக்கே பிழையில்லாத கருவி வந்தாலும் நான் எதிர்ப்பேன். அப்போது அது நம்மைத் தப்பாமல் கண்டுபிடிக்கும். ஆணவக் கொலையைக் கண்டித்து ஆர்ப்பாட்டத்தில் நிற்பவரைக் கண்டுபிடிக்கும். சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு, பேருந்து நிலையத்தில் முகம் மறைத்து நிற்கும் பெண்ணையும் கண்டுபிடிக்கும். அவள் எந்தப் பேருந்தில் ஏறினாள் என்பது அவளுடைய அண்ணனுக்குத் தெரிய, ஒரே ஒரு காவலரின் சாதிப் பாசம் போதும். 2024 மே மாதம் இதே மென்பொருளின் தளத்துக்குள் வெளியாட்கள் நுழைந்து தகவல் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் முக அடையாளக் கண்காணிப்புக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் தருகிறது.

நமது கோரிக்கைகள் மூன்று. பொது இடங்களில் முக அடையாளக் கண்காணிப்பை நிறுத்த வேண்டும். அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்ற கணக்கைச் சமூகவாரியாக, பெயரில்லாமல் வெளியிட வேண்டும். விடுதலையானவர்கள், வழக்கே இல்லாதவர்களின் படங்களை அழிக்க வேண்டும்.

உங்கள் ஊரில் எந்தக் கேமரா எதற்கு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம். ஜெய் பீம்!