மௌனத்திற்கு இட்ட மதிப்பெண்



மனித வேறுபாடுகளை அளந்த ஆய்வுகளைப் படிக்கும்போது, அளந்த முறையையும் நாம் ஆராய வேண்டும். அமெரிக்காவில் ஏழைக் கறுப்பினச் சிறுவர்கள் மொழிவளம் அற்றவர்கள் என 1960களில் கல்வி உளவியலார் சிலர் கூறினர். மொழியியலறிஞர் வில்லியம் லபோவ் 1969இல் அதனை மறுத்தார். நியூயார்க் நகரின் ஹார்லத்தில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நேர்காணலில் ஓரிரு சொற்களே பேசினான். நேர்காண்பவர் உருளைக்கிழங்கு வறுவலோடு வந்து, அவன் தோழனையும் உடன்வைத்துத் தரையில் அமர்ந்தபோது, அவனே போட்டியிட்டுப் பேசினான். மாறியது சூழல் மட்டுமே.

வாய்மொழித் தேர்வில் மாணவரின் மௌனத்தை அறியாமை என்று கொண்டு மதிப்பெண் குறைத்தவர்களுள் நானும் ஒருவன். அம்மதிப்பெண்களை இனித் திருத்த இயலாது. உங்கள் வகுப்பில் வாய்திறவாதிருக்கும் மாணவரோடு, தேர்வுக்கு முன்பே ஒருநாள் அருகமர்ந்து பேசுங்கள்.