முயற்கொம்பும் அத்திப்பூவும்



நடவாத காரியத்தைக் குறிப்பதற்கு நம் தமிழில் எத்தனை வழக்குகள்! முயற்கொம்பு என்கிறோம், ஆகாயத்தாமரை என்கிறோம், ஆமைமயிர்க் கம்பளம் என்கிறோம். அருமை மிகுதி தோன்றக் கல்லில் நார் உரித்தல் என்றும், அத்தி பூத்தாற்போல என்றும் சொல்லுகிறோம். திருக்கோயிலுக்கு வரும் அன்பர் சிலர், "எம்போன்ற பாவிகளுக்குத் திருவருள் முயற்கொம்புதானே!" என்று பெருமூச்செறிவதுண்டு. அவ்வுவமை அவர்பாற் பொருந்துமோ என்பதை இன்று சிந்திப்போமாக.

இவ்வழக்குகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. முயலுக்கு நீண்ட செவி உண்டு. கொம்பு எக்காலத்தும் இல்லை. ஆகாயத்தாமரையும் தாமரையே ஆதலின் மணக்கும் என்று ஒருவன் வாதித்தால், அவன் காட்டும் ஏது போலியாம் என்று அன்னம்பட்டர் தருக்கசங்கிரகத்தில் விளக்குகிறார். பூவே இல்லாதபோது மணத்தைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்? இவை அறவே இல்லாத பொருள்கள்.

அத்திப்பூ அத்தகையதன்று. அத்தி பூவாமலே காய்க்கிறது என உலகம் எண்ணுகிறது. இளங்காயைப் பிளந்து நோக்கினாலோ, உட்புறமெங்கும் நுண்ணிய பூக்கள் செறிந்திருத்தலைக் காணலாம். மிகச் சிறிய குளவி ஒன்று காயின் வாய்வழியே புகுந்து அவற்றிற்கு மகரந்தம் சேர்க்கிறது. பூத்தது உண்மை, நாம் காணாததே குறை. கல்லிலும் நார் உண்டு. சில பாறைகளில் நார்நாராகப் பிரியும் தாதுப்பொருள் கிடைக்கிறது. கல்நார் என்பதே அதன் பெயர். அதனைத் திரித்து நெருப்பில் வேகாத துணியும் நெய்தார்கள். ஆகவே, இல்லாதது வேறு. நமக்கு அரியது வேறு.

சைவ சித்தாந்தம் கொள்ளும் சற்காரியவாதத்தின் கருத்தும் இதுவே. எள்ளைச் செக்கிலிட்டால் எண்ணெய் வரும். மணலை இட்டால் வாராது. எள்ளில் எண்ணெய் முன்னரே அடங்கியிருந்தது. உயிரும் அறிவுடைய பொருளே. அறிவித்தால் அறியும் இயல்புடையது. செம்பிற் களிம்பு போல ஆணவமலம் அதனை மறைத்து நிற்கிறது. மறைந்தது இல்லாததாகிவிடுமோ?

மயிலையிற் சிவநேசர், அரவு தீண்டி மாண்ட தம் மகள் பூம்பாவையின் எலும்பையும் சாம்பரையும் குடத்திலிட்டுக் காத்து வந்தார். முயற்கொம்பை நாடும் செயல் என்றே அதனை உலகம் எண்ணும். உடல் வெந்தது, உயிரோ அழியாப் பொருள். திருஞானசம்பந்தர் திருப்பதிகம் பாடியருள, அக்குடத்தினின்றும் பூம்பாவை எழுந்தாள் என்று சேக்கிழார் பெருமான் அருளுகிறார். கல்லில் நார் உரித்தாற்போல இறைவன் தம்மை ஆட்கொண்டான் என்று மணிவாசகரும் உருகுகிறார். தம் நெஞ்சைக் கல் என்றவர், அருளை இல்லாப் பொருள் என்றாரில்லை. உரிப்பவன் ஒருவன் உளன் என்பதே அவர் கண்ட உண்மை.

ஆதலின் அன்பர்களே, நம் நெஞ்சைக் கல் என்று சொல்லிக்கொள்வோம், தவறில்லை. நம்மிடம் விளங்கும் அன்பை அத்திப்பூ என்போம், அதுவும் தகும். முயற்கொம்பு என்று மட்டும் சொல்லாதிருப்போம். உயிர்க்குயிராய் நிற்பவன் சிவபெருமான். அவன் அருளுக்குப் புறம்பான உயிர் ஒன்று உண்டென்றால், அதுவன்றோ முயற்கொம்பு!

திருச்சிற்றம்பலம்.