நாயோடு வரும் புழு

தெல்தோட்டையில் யாராவது வெளிநாட்டு நாய் வாங்க நினைத்தால், நிறமும் விலையும் விசாரிப்பார்கள். இரத்தத்தையும் விசாரிக்க வேண்டும்.

இதயப்புழு என்று ஒன்றுண்டு. வெள்ளை நூல் போலிருக்கும், ஓரடி வரை நீளும், நாயின் இதயத்திலும் நுரையீரல் நாடிகளிலும் குடியிருக்கும். அதன் குஞ்சுகள் இரத்தத்தில் மிதக்கும். நுளம்பு அவற்றை உறிஞ்சினால், இரண்டு வாரமளவில் அடுத்த நாய்க்குக் கடத்திவிடும். 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து மற்ற மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட நாய்கள் பலவற்றில் இந்தப் புழு இருந்தது.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2016இல் உலக சுகாதார நிறுவனம், நுளம்பாலேயே பரவும் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை ஒழித்துவிட்டதாகச் சான்றளித்தது. எவ்வளவு பாடுபட்டுப் பெற்ற சான்று! ஆனால் நாற்பது ஆண்டுகளாகக் காணாதிருந்த புரூகியா மலாயி என்ற யானைக்கால் புழு, மனிதரிலும் நாய்களிலும் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. இது வெளிநாட்டு நாயால் வந்தது என்று சொல்லவில்லை. நாயின் இரத்தமும் நம் இரத்தமும் ஒரே நுளம்புக்கு உணவு என்கிறேன்.

நாய் வந்திறங்கும் அன்று செய்யும் சோதனை மட்டும் போதாது. இதயப்புழு முதிர ஆறு மாதமாகும். அதற்கு முன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே, நாயை வாங்கும்போது இறக்குமதிக்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நாய் வந்த ஏழாம் மாதம் மிருக வைத்தியரிடம் மீண்டும் இரத்தம் காட்டுங்கள். மாதாமாதம் கொடுக்கும் தடுப்பு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.